மாயாற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு வழியும் ஓர் ஊரும்

கொங்கு நாட்டின் வரலாறு பெரும்பாலும் சமவெளியில் நின்றே எழுதப்பட்டு வந்திருக்கிறது. பவானி, நொய்யல், அமராவதி, காவிரி ஆகிய ஆறுகளின் கரைகளில் எழுந்த கோயில்களையும், பாளையங்களையும், நாட்டுப் பிரிவுகளையும் பற்றி நம்மிடம் நூல்கள் உண்டு. வடக்கே மலை தொடங்கும் இடத்தில் வரலாறு நின்றுவிடுவதாகவும், அதற்கு அப்பால் காடும் விலங்கும் மட்டுமே இருப்பதாகவும் ஓர் எண்ணம் நமக்குள் படிந்துள்ளது. சுற்றுலாக் கையேடுகள் இவ்வெண்ணத்தை மேலும் உறுதிப்படுத்துகின்றன. 'மனிதர் கால்படாத வனம்' என்னும் தொடர் இல்லாத கையேட்டைக் காண்பது அரிது.

சத்தியமங்கலத்துக்கு மேற்கே, பவானிசாகர் அணையைக் கடந்து விரிந்து கிடக்கும் மாயாற்றுப் பள்ளத்தாக்கு இந்த எண்ணத்தை மறுக்கின்ற நிலம். எண்ணூறு ஆண்டுகளாகப் படைகளும் பொதிமாடுகளும் இறங்கி ஏறிய வழி இது. ஒரு காலத்தில் நீலகிரி மலையின் நிருவாகமே இதன் வாயிலில் இருந்து நடந்தது. இன்று அந்த வழியும் இல்லை. வாயிலில் இருந்த கோட்டையும் இல்லை. பள்ளத்தாக்கின் உள்ளே, நீலகிரியின் கீழைச் சரிவின் அடியில், தெங்குமரஹாடா என்னும் ஊர் மட்டும் இருக்கிறது. அவ்வூரும் இனி எத்தனை காலம் இருக்கும் என்பது கேள்விக்குறியாகியுள்ள நிலையில், சில நண்பர்களுடன் அங்குச் சென்று வந்தோம். அப்பயணத்தின் துணைகொண்டு அந்தப் பள்ளத்தாக்கின் வரலாற்றை இங்குத் தொகுத்துக் காண முயல்கிறோம்.

இரு மலைகளுக்கு நடுவே

நீலகிரியில் தோன்றும் மாயாறு முதுமலைக் காட்டின் வழியே கிழக்கு நோக்கிப் பாய்ந்து, ஓரிடத்தில் செங்குத்தான ஆழ்பள்ளத்துக்குள் விழுகிறது. ஆங்கிலேயர் இப்பள்ளத்துக்கு 'மைசூர் டிச்' என்று பெயரிட்டனர். வடக்கே மைசூர் மேட்டுநிலம், தெற்கே நீலகிரி. இரண்டையும் பிரிக்கும் அகழியாக ஆறு ஓடுகிறது. மோயாறு என்றும் இதனை எழுதுவர். கிழக்கே வரவரப் பள்ளம் அகன்று சமவெளியாகிறது. அங்கு ஆறு பவானியுடன் கலக்கும் இடம் இப்போது பவானிசாகர் நீர்த்தேக்கத்தின் பரப்புக்குள் உள்ளது.

மழை மறைவுப் பகுதியாதலால் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி முட்புதர்க் காடு. உசிலையும் வேலும் செறிந்த அந்த வறள்நிலத்தின் நடுவே ஆற்றின் இரு கரைகளிலும் மட்டும் நீர்மருதும் புங்கமும் ஓங்கி வளர்ந்து ஒரு பசுங்கோடு போலச் செல்கின்றன. முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்தால் பாலையாகும் என்று வகுப்பறையில் நாம் விளக்குவதை இந்நிலம் கண்முன் காட்டுகிறது. சங்கப் பாடல்கள் கூறும் சுரத்தின் விலங்குகளும் பறவைகளும் இங்கு இன்றும் உள்ளன. இரலை என்று பழந்தமிழ் குறிக்கும் திருகுகொம்பு மான் இப்பள்ளத்தாக்கின் புல்வெளிகளில் மேய்கிறது. எருவை, பாறு என்று பாடப்பட்ட பிணந்தின்னிக் கழுகுகள் ஆற்றங்கரை நீர்மருத மரங்களில் கூடு கட்டுகின்றன. உரையாசிரியர்களைத் துணைக்கழைத்து நாம் பொருள் சொல்லும் சொற்கள் சில, இங்கே உயிரோடு திரிகின்றன.

சத்தியமங்கலத்தில் இருந்து பவானிசாகர் சென்று, அங்கிருந்து காராச்சிக்கொரை வனச் சோதனைச் சாவடியைக் கடந்தால் காட்டுவழி தொடங்கும். சுற்றுலாப் பயணியாக உள்ளே செல்ல இயலாது. வனத்துறையின் இசைவு வேண்டும். அரசுப் பேருந்து கற்பாதையில் குலுங்கிக் குலுங்கிச் சென்று ஆற்றின் வடகரையில் நின்றுவிடும். ஊர் தென்கரையில் உள்ளது. பாலம் கிடையாது. பரிசலில் ஏறித்தான் ஊருக்குள் செல்லவேண்டும். முதலைகள் உள்ள ஆறு அது. அரிசி மூட்டை, பள்ளிப் பிள்ளைகள், நோயாளிகள், மணமக்கள் எல்லோரும் எல்லாமும் அந்தப் பரிசலில்தான்.

தணாயக்கன்கோட்டை

இப்பள்ளத்தாக்கின் வாயிலைக் காத்துநின்ற ஊர் தணாயக்கன்கோட்டை. பெயரிலேயே வரலாறு உள்ளது. தண்டநாயக்கன் என்னும் படைத்தலைவர் பதவிப் பெயரே தணாயக்கன் எனத் திரிந்தது.

போசளர் எனப்படும் ஹொய்சளர் இம்மலைப்புறத்துக்கு வந்தது 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். விஷ்ணுவர்த்தனனின் படைத்தலைவன் புணிசன் நீலமலையைக் கைப்பற்றியதையும் தோடரை அச்சுறுத்தியதையும் சாமராசநகர்ப் பகுதியில் உள்ள 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. தோடர் என்னும் மக்கள் எழுத்தில் இடம்பெற்ற முதற் சான்றாக இதனை அறிஞர் கருதுவர். மலைமக்கள் வரலாற்றில் முதன்முதலாகப் பெயர்பெறுவது, ஓர் அரசு அவர்களை அச்சுறுத்திய செய்தியில் என்பது குறிக்கத்தக்கது.

இரண்டு நூற்றாண்டு கழித்து, மூன்றாம் வல்லாளன் காலத்தில், மாதவ தண்டநாயகன் என்னும் அதிகாரி இப்பகுதியை ஆண்டான். 'நீலகிரி சாதாரன்' என்பது அவன் பட்டப்பெயர். நீலகிரியை அடக்கியவன் என்பது பொருள். பவானியும் மாயாறும் கூடும் இடத்துக்கு அருகில் அமைந்த அவன் கோட்டையும், அங்கு எழுந்த மாதவப் பெருமாள் கோயிலும் அந்த ஆட்சியின் அடையாளங்கள். மேட்டுநிலத்தில் இருந்து கொங்குக்குள் இறங்க விரும்பும் எவரும் அந்தக் கோட்டையின் கண்ணில் படாமல் இறங்க இயலாது. கொங்கில் விளைந்த நெல்லும் நூலும் மேலே ஏறவும், மேலிருந்து பாக்கும் பிறவும் கீழே இறங்கவும் இதுவே வழி. சுங்கம் பெறுவதற்கு இதனினும் பொருத்தமான இடம் வேறில்லை.

போசளருக்குப்பின் விசயநகர ஆட்சியும், மதுரை நாயக்கர் ஆட்சியும் வந்தன. 17-ஆம் நூற்றாண்டில் மைசூர் உடையார்கள் இக்கணவாயின் வழியே இறங்கிச் சத்தியமங்கலத்தையும் தணாயக்கன்கோட்டையையும் தம் ஆளுகைக்குள் கொண்டுவந்தனர். வடகொங்கின் அரசியல் அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு சீரங்கப்பட்டணத்தை நோக்கியே இருந்தது. சத்தியமங்கலம், தாளவாடிப் பகுதிகளில் தமிழும் கன்னடமும் இன்றும் ஒரே வீட்டுக்குள் புழங்குவதற்கு இவ்வரலாறே அடிப்படை.

படை இறங்கிய வழி

பள்ளத்தாக்கின் வடபுறத்தில், மேட்டுநிலத்தில் இருந்து மாயாற்றுப் படுகைக்கு இறங்கும் கணவாய் கஜலட்டி. 'ஹட்டி' என்பது கன்னடத்திலும் படுகர் மொழியிலும் சிற்றூரைக் குறிக்கும் சொல். அதுவே தமிழ் வாயில் 'அட்டி' ஆகிறது. தெங்குமரஹாடா செல்லும் காட்டுவழி இக்கணவாயின் அடிப்பகுதி வழியே செல்கிறது. இன்று அங்கே நின்று பார்த்தால் பாதை இருந்ததற்கான தடம்கூட எளிதில் புலப்படாது. ஆயினும் 18-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயப் போர்க்குறிப்புகளில் மிகுதியாக வரும் பெயர்களுள் இதுவும் ஒன்று.

மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1790-ஆம் ஆண்டு, தளபதி மெடோஸ் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு படைகளைப் பிரித்து நிறுத்தினார். கஜலட்டி வழியே மைசூருக்குள் ஏறிவிட வேண்டும் என்பது அவர் திட்டம். கர்னல் பிளாய்டு ஒரு படைப்பிரிவுடன் முன்னேறிச் சத்தியமங்கலம் கோட்டையைக் கைப்பற்றி, பவானியாற்றங்கரையில் பாசறை அமைத்திருந்தார். கும்பினிப் படை ஏறுமுன் திப்பு சுல்தான் இறங்கிவிட்டார். செப்டம்பர் மாதத்தில் அவருடைய பெரும்படை கஜலட்டிக் கணவாய் வழியே சமவெளிக்கு வந்தது. செப்டம்பர் 13 அன்று சத்தியமங்கலத்தில் நடந்த போரில் காலையில் குதிரைப்படைகள் மோதின. பிறகு நாள் முழுவதும் பீரங்கிகள் முழங்கின. மறுநாள் பிளாய்டு பின்வாங்கினார். பீரங்கிகளை இழுக்கும் மாடுகள் பல மாண்டமையால், அவற்றுள் சிலவற்றை விட்டுச்செல்ல நேர்ந்தது. திப்புவின் படை துரத்திச் சென்று சேவூர் அருகே மீண்டும் போரிட்டது.

ஒரு பேரரசின் போர்த்திட்டம் மாடுகளின் உயிரையும் ஆற்றின் துறைகளையும் நம்பி இருந்த காலம் அது. பீரங்கி இழுக்க மாடு வேண்டும். மாட்டுக்குத் தீவனம் வேண்டும். இரண்டையும் தருவது ஊர். சமவெளி ஊர்களும் மலையடி ஊர்களும் அப்போர்களில் பட்ட பாட்டினைப் போர்க்குறிப்புகள் கணக்கில் கொள்ளவில்லை.

1799-இல் திப்பு வீழ்ந்தபின் கோயம்புத்தூர்ச் சீமை கும்பினியின் கைக்கு வந்தது. இருபுறமும் ஒரே வல்லரசின் செல்வாக்கு நிலைத்தபின் கணவாயின் போர் மதிப்பு போயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் ஆசனூர் வழியே திம்பம் மலைப்பாதை அமைந்து, வண்டிப் போக்குவரத்து அங்கே திரும்பியது. 27 கொண்டையூசி வளைவுகள் கொண்ட அந்தப் பாதையையே இன்று சத்தியமங்கலம் என்றதும் எல்லோரும் நினைக்கிறார்கள். கஜலட்டியைக் காடு எடுத்துக்கொண்டது. 'மனிதர் கால்படாத வனம்' என்று கையேடுகள் கூறுவது, மனிதர் கைவிட்ட பெருவழியையும் உள்ளடக்கித்தான்.

மலையேறிய அதிகாரிகள்

நாடு கைக்கு வந்ததும் கும்பினி முதலில் செய்தது நாட்டைப் பார்வையிட ஆள் அனுப்பியது. மருத்துவரும் தாவரவியலாளருமான பிரான்சிஸ் புக்கானன், மைசூர், கன்னட, மலையாள நாடுகளில் மேற்கொண்ட நெடும்பயணத்தின் இடையே, 1800-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தணாயக்கன்கோட்டைக்கு வந்தார். அங்கிருந்து நீலகிரியின் கிழக்குச் சரிவில் ஏறி, இருளர் வாழ்ந்த பகுதியைக் கண்டு திரும்பினார். மேற்பரப்புக்கு அவர் செல்லவில்லை. அவருடைய பயண நூல் 1807-இல் வெளிவந்தது.

1812-இல் நில அளவையாளர் கீஸ் என்பவர் கோயம்புத்தூரிலிருந்து அனுப்பப்பட்டு, இதே தணாயக்கன்கோட்டை வழியாக மலைமீது ஏறினார். கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறியது 1819-இல். நீலகிரியைக் 'கண்டுபிடித்தவர்' என்று சல்லிவனைப் புகழும் வழக்கம் உண்டு. அவர் ஏறுவதற்கு முன்பே அம்மலைகள் தணாயக்கன்கோட்டை வட்டத்தின் பகுதியாக வரி செலுத்திக்கொண்டிருந்தன. வரி வாங்கிக்கொண்டிருந்த மலையைக் கண்டுபிடிப்பது எங்ஙனம் என்பது நம் மாணவர்கள் கேட்கவேண்டிய கேள்வி. சிறுமுகையில் இருந்து கோத்தகிரிக்கும், பிறகு குன்னூர் வழியாகவும் மலைப்பாதைகள் அமைந்ததும், மலையின் வாயில் என்னும் தகுதியும் தணாயக்கன்கோட்டையை விட்டு நீங்கியது. மேட்டுப்பாளையம் அவ்விடத்தைப் பெற்றது.

வழித்துணைத் தெய்வங்கள்

வழி மறைந்தாலும் வழியின் நினைவை மக்கள் தம் தெய்வங்களில் சேமித்து வைத்திருக்கிறார்கள். பண்ணாரி மாரியம்மன் தோன்றிய வரலாறாக வழங்கும் கதையில், மலையாள நாட்டில் இருந்து பொதிமாடுகளுடன் மைசூர் சென்ற வணிகருக்கு வழித்துணையாக வந்தவள் அம்மன் என்று ஒரு செய்தி உண்டு. வந்த இடம் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டாளாம். வேங்கை மரத்தடியில் பசு தானே பால் சொரிந்த இடத்தில் அவள் இருப்பு வெளிப்பட்டது என்பது கதையின் அடுத்த பகுதி.

பண்ணாரியில் திருநீற்றுக்குப் பதிலாகப் புற்றுமண் வழங்கப்படுகிறது. பங்குனிக் குண்டத்தில் மக்கள் இறங்கி முடிந்தபின் மாடுகளையும் குண்டத்தில் இறக்கி ஓட்டுகிறார்கள். வழிநடைக் கதையையும் இந்தச் சடங்கையும் சேர்த்துவைத்துப் பார்க்கும்போது, காட்டுவழியில் தம்மோடு நடந்த மாட்டுக்கும் அதே காவலை வேண்டிய ஒரு சமூகம் கண்முன் தோன்றுகிறது. குண்டத்தின் முன் தமிழும் கன்னடமும் கலந்து ஒலிப்பதும் அதே பழைய வழியின் எச்சமே.

தெங்குமரஹாடாவில் நின்று தெற்கே அண்ணாந்தால் அரங்கசாமி மலைமுடி தெரிகிறது. அருகே தனித்து நிற்கும் அரங்கசாமித் தூண் என்னும் கற்கம்பம் காண்போரை வியப்பில் நிறுத்துவது. கோத்தகிரியை அடுத்த கோடநாடு காட்சிமுனையில் இருந்து சுற்றுலாப் பயணிகள் மேலிருந்து காண்பதும் இவற்றையே. காரமடையில் இருந்த அரங்கசாமி, துணைவியோடு பிணங்கி இம்மலைக்குத் தனியே வந்து அமர்ந்துவிட்டதாக ஒரு கதை வழங்கி வந்ததை, பிரான்சிஸ் 1908-இல் எழுதிய நீலகிரி மாவட்டக் கையேடு பதிவு செய்துள்ளது. காரமடைத் தேருக்கு நெடுந்தொலைவு நடந்துசெல்லும் துன்பத்தைத் தவிர்க்க மலைமக்கள் புனைந்த கதையாக இது இருக்கலாம் என்பது பிரான்சிஸின் ஊகம். நமக்கு வேறொன்றும் தோன்றுகிறது. பெருந்தெய்வம் ஊடல் கொண்டு மலையேறி வந்து, இருளர் பூசாரியின் கையால் பூசை பெற்றுக்கொள்கிறது. தேடிச் செல்ல வேண்டிய தெய்வத்தைத் தம்மிடம் வரவழைத்துக்கொண்ட மக்களின் தன்மதிப்பு அக்கதையில் உள்ளது.

நீரில் அமிழ்ந்த கோட்டை, காட்டில் எழுந்த ஊர்

1948-ஆம் ஆண்டு இப்பள்ளத்தாக்கில் இரண்டு செயல்கள் தொடங்கின. ஒன்று கீழ்பவானி அணைத்திட்டம். மற்றொன்று தெங்குமரஹாடா கூட்டுறவுப் பண்ணைச் சங்கம்.

விடுதலை பெற்றபின் நாட்டில் மேற்கொள்ளப்பட்ட முதற் பெரும் பாசனத் திட்டங்களுள் கீழ்பவானித் திட்டம் ஒன்று. அணை 1955-இல் நிறைவுற்றது. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடும் வாய்க்காலில் சென்ற நீர் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நனைத்தது. ஈரோடு, கோபி, பெருந்துறை, காங்கயம் பகுதிகளின் இன்றைய செழிப்பில் அந்த நீருக்குப் பெரும்பங்கு உண்டு. கோட்டையும் மாதவப் பெருமாள் கோயிலும் நீர்த்தேக்கத்துக்குள் போயின. கல்வெட்டுகள் முன்னரே படியெடுக்கப்பட்டிருந்தன. தெய்வத் திருமேனிகள் பவானிசாகரில் கட்டிய புதிய கோயிலுக்குச் சென்றன. கடும் வறட்சியில் நீர்மட்டம் தாழும்போது பழைய கோயிலின் கற்கட்டுமானம் தலைகாட்டுகிறது. செய்தித்தாள்கள் படம் வெளியிடுகின்றன. மக்கள் பரிசலில் சென்று பார்த்து வருகிறார்கள். மழை வந்ததும் மீண்டும் மூழ்கிவிடுகிறது.

தெங்குமரஹாடாவின் கதை இதற்கு நேர்மாறாகத் தொடங்கியது. இரண்டாம் உலகப்போரில் பர்மா ஜப்பானியரிடம் வீழ்ந்து அரிசி வரத்து நின்றபின், 'அதிக உணவு விளைவிப்போம்' என்னும் இயக்கத்தை அரசு தொடங்கியிருந்தது. விடுதலைக்குப் பின்னும் பஞ்சம் தீரவில்லை. விளைநிலத்தை விரிவாக்க வேண்டிய நிலையில், மாயாற்றின் தென்கரையில் காட்டு நிலத்தைக் குத்தகைக்கு அளித்து, கூட்டுறவு முறையில் வேளாண்மை செய்ய அரசு வழிவகுத்தது. படிப்படியாக ஏறத்தாழ 500 ஏக்கர் நிலம் சாகுபடிக்கு வந்தது. மலைமீதிருந்து படுகரும், சமவெளியில் இருந்து பிறரும் வந்து சேர்ந்தனர். இருளர் அங்கே முன்பிருந்தே வாழ்ந்தவர்கள். அல்லிமாயாறு, கல்லாம்பாளையம் ஆகிய அவர்களுடைய குடியிருப்புகள் அருகிலேயே உள்ளன. 'தெங்கு' தமிழிலும் கன்னடத்திலும் தென்னையைக் குறிக்கும் பழஞ்சொல். முட்காட்டின் நடுவே தென்னையின் பெயரால் ஓர் ஊர் அமைந்திருப்பது அதன் நீர்வளத்துக்குச் சான்று.

இன்று ஊருக்குள் நடந்தால் வாழையும் நெல்லும் மஞ்சளும் கண்ணுக்குக் குளிர்ச்சி தருகின்றன. சங்கக் கட்டடம், பள்ளிக்கூடம், சிறுகோயில்கள், ஓட்டு வீடுகள். வயலின் ஓரத்தில் காவல் பரண்கள்; யானை வரும் ஊரில் அறுவடைக் காலம் முழுவதும் இரவு விழிப்புத்தான். நீலகிரி மாவட்டம் கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்தது ஊர். பேருந்தில் வட்ட அலுவலகம் செல்ல வேண்டுமானால், ஆற்றைக் கடந்து ஈரோடு மாவட்டத்தில் நுழைந்து, பவானிசாகர் வழியாகக் கோயம்புத்தூர் மாவட்டத்து மேட்டுப்பாளையம் சென்று, அங்கிருந்து மலையேற வேண்டும். தலைக்குமேல் தெரியும் ஊருக்கு மூன்று மாவட்டம் சுற்றிச் செல்லும் விந்தை இது.

புலியும் பாறும்

2008-இல் சத்தியமங்கலம் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டு, 2011-இல் விரிவாக்கப்பட்டு, 2013-இல் புலிகள் காப்பகம் ஆயிற்று. வீரப்பனைத் தேடிய ஆண்டுகளில் காவல் முகாம்களாலும் அச்சத்தாலும் நிறைந்திருந்த காடு இது. அக்காலத்தில் சோளகர் மக்கள் பட்ட துயரத்தை ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' நாவல் வாயிலாக நம் வாசகர்கள் அறிவர். 2004 அக்டோபரில் வீரப்பன் சுட்டுக்கொல்லப்பட்டபின் காடு வேறொரு பெயரில் அறியப்படலாயிற்று. புலிகளின் எண்ணிக்கை இரட்டிப்பானமைக்காக 2022-இல் இக்காப்பகம் பன்னாட்டு விருதொன்றையும் பெற்றது.

மாயாற்றுப் பள்ளத்தாக்கு சத்தியமங்கலம், முதுமலை, பந்திப்பூர்க் காடுகளை இணைக்கும் இடைவழி. யானைகள் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே சென்றுவர இது வேண்டும். பாறுகளுக்கோ இது ஏறத்தாழ இறுதிப் புகலிடம். கால்நடைகளுக்கு இடப்பட்ட டைக்ளோபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, மாண்ட மாட்டின் தசைவழியே கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது. 1990-களில் இந்தியா முழுவதும் பாறுகள் கூட்டங்கூட்டமாக மாண்டன. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. தென்னாட்டில் எஞ்சிய கூட்டங்களுள் முதன்மையானது மாயாற்றங்கரை நீர்மருதங்களில் வாழ்வதே. இந்நிலத்தைக் காக்க வேண்டும் என்போரின் கவலை வெறும் கவலையன்று.

இப்பின்னணியில்தான் ஊரை இடம் மாற்றும் திட்டம் வந்தது. காப்பகங்களில் இருந்து வெளியேற இசையும் குடும்பங்களுக்குத் தலா 15 லட்சம் ரூபாய் வழங்கும் தேசியத் திட்டத்தின்கீழ், ஏறத்தாழ 500 குடும்பங்களுக்கு வேண்டிய தொகையை அளிக்குமாறு தேசியப் புலிகள் காப்பக ஆணையத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் உத்தரவிட்டது. மக்கள் தாமாக இசைந்தாலன்றி இடமாற்றம் கூடாது என்பது சட்டம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினர்க்கும் காடுவாழ் பிறர்க்கும் உரிமைகளை ஏற்றுள்ளது.

ஊரில் ஒரே குரல் இல்லை. திண்ணையில் அமர்ந்திருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். "ஏனுங்க, காட்டைத் திருத்தி வெள்ளாமை பண்ணுங்கன்னு எங்கப்பாரு காலத்துல கூப்புட்டது கெவர்மென்டுங்க. கூப்புட்டவங்களே எந்திரிச்சுப் போன்னா, நாங்க எந்த ஊருன்னு சொல்லிக்கறதுங்க?" என்றார். பரிசல் துறையில் உடன் நின்ற இளைஞர் ஒருவர் வேறுவிதமாகப் பேசினார். "ஆத்துல வெள்ளம் வந்தா நோவுக்காரங்களக் கரை சேர்க்கறது நாங்கதானுங்க. எம் புள்ளைங்களும் இதே பரிசல்ல கெடக்கோணுமா? நல்ல எடமாக் குடுத்தா போயிரலாமுங்க" என்றார். அருகில் நின்ற இருளர் மூதாட்டி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்காளுக பொதைச்ச எடம் இங்கதான சாமி இருக்குது" என்று மட்டும் சொன்னார்.

மூன்றுபேர் சொன்னதும் மூன்று வகையான நியாயம். பெரியவர் பேசியது அரசு அளித்த வாக்கைப் பற்றி. இளைஞர் பேசியது பிள்ளைகளின் நாளையைப் பற்றி. மூதாட்டியின் சொல்லுக்கு ரூபாயில் ஈடு காண்பது அரிது. குத்தகையும் சங்கமும் வருமுன்பே இருந்தவர்கள் அவர்கள். ஊர் முழுவதற்கும் ஒரே கணக்குப் போடும்போது இவ்வேறுபாடு மறைந்துபோகிறது.

எழுதப்பட வேண்டியவை

இப்பள்ளத்தாக்கின் வரலாற்றைச் சேர்த்துப் பார்க்கையில் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. ஒவ்வொரு காலத்து அரசும் ஒரு தேவையோடு இங்கு வந்துள்ளது. போசளருக்கு வழி வேண்டியிருந்தது. உடையாருக்கும் திப்புவுக்கும் கும்பினிக்கும் கணவாய் வேண்டியிருந்தது. விடுதலை இந்தியாவுக்கு முதலில் நீரும் நெல்லும் வேண்டியிருந்தன. இப்போது புலியும் காடும் வேண்டியிருக்கின்றன. அத்தேவைகள் பொய்யானவை அல்ல. கீழ்பவானி நீரில் விளைந்த சோற்றை உண்டு வளர்ந்த நாம் அணையைப் பழிக்க இயலாது; பாறு இல்லாத வானத்தை விரும்பவும் இயலாது. ஆயினும் ஒவ்வொரு தேவையும் வரும்போது, முந்தைய தேவைக்காக வந்து குடியேறியவர்களின் கதை எழுதப்படாமலே துடைக்கப்படுகிறது.

தணாயக்கன்கோட்டை நீரில் மூழ்கும் முன் கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டன. அரசர் பெயரும் கொடையும் தப்பின. அவ்வூர்ச் சந்தையில் என்ன விற்றது, எந்தக் குடி எந்தத் தெருவில் இருந்தது, துறையில் பரிசல் விட்டவர் யார் என்பனவற்றை அறிய விரும்பினால் நமக்குக் கிடைப்பது மிகக் குறைவு. புக்கானன் போன்ற அயலார் போகிறபோக்கில் எழுதிச்சென்ற வரிகளைத்தான் நாட வேண்டியுள்ளது.

தெங்குமரஹாடாவுக்கு அந்நிலை வரவேண்டியதில்லை. கூட்டுறவுச் சங்கத்தின் தொடக்ககால ஏடுகள், உறுப்பினர் பதிவுகள், குத்தகை ஆவணங்கள் ஆகியன படியெடுத்துக் காக்கப்பட வேண்டும். முதலில் குடியேறியவர்களின் மக்களில் சிலர் இன்னும் முதுமையில் இருக்கிறார்கள். அவர்கள் நினைவில் உள்ளவற்றை ஒலிப்பதிவு செய்யலாம். இருளர் வழங்கும் ஓடைப் பெயர்கள், பாறைப் பெயர்கள், மரப்பெயர்கள், மூத்தோர் நினைவிடங்கள், அரங்கசாமி வழிபாட்டு முறைகள் ஆகியவற்றை அவர்களுடைய ஒப்புதலோடு, அவர்களுடைய சொற்களிலேயே தொகுக்க வேண்டும். கோவை, ஈரோடு, கோபி, சத்தியமங்கலம் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளுக்கும் வரலாற்றுத்துறைகளுக்கும் இது எட்டாத பணியன்று. ஆண்டுதோறும் எத்தனையோ ஆய்வேடுகள் ஒரே காப்பியத்தின் உவமைகளை எண்ணிக்கொண்டிருக்கையில், ஒரு மாணவர் இங்கு ஓர் ஆண்டு தங்கினாலே போதும்.

இடமாற்றம் நடக்கட்டும், நடவாது போகட்டும். அதனை முடிவு செய்ய வேண்டியவர்கள் அம்மக்கள். முடிவு எதுவாயினும், ஓர் ஊர் அங்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் நெல் விளைவித்து வாழ்ந்தது என்பதும், அதற்குமுன் எண்ணூறு ஆண்டுகள் அவ்வழியே மனிதர் நடந்தனர் என்பதும் ஏட்டில் இருக்க வேண்டும். சத்தியமங்கலத்துக்குச் செல்லும் நண்பர்கள் பண்ணாரியில் புற்றுமண் பெற்றுக்கொள்ளும்போது, அது யாருக்கு வழித்துணையாக வந்த தெய்வத்தின் மண் என்பதையும் சற்று நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம். அணையின் கரைமேல் நிற்க நேர்ந்தால் மேற்கே நோக்குங்கள். நீருக்கடியில் ஒரு கோட்டை கிடக்கிறது. நீர் முடிந்து காடு தொடங்கும் இடத்துக்கு அப்பால், பாலமில்லாத ஆற்றின் மறுகரையில், இன்று மாலையும் யாரேனும் ஒருவர் பரிசலுக்காகக் காத்திருப்பார்.